மாமா வளைத்த சக்கரம்

அப்போது எங்கள் வீடு பாகூரில். எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தம்பியான மாமா எங்களோடு தங்கி வாடகைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அவரைப் போல நிதானமாக வண்டி ஓட்ட ஆள் கிடையாது என்பது அம்மாவின் கட்சி. பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஊரில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவர் ஒரு மழைநாளில், கரிக்கலாம்பாக்கம் சாலையில் தண்ணீர் மூடியிருந்த பள்ளத்தில் வண்டியை விட்டுவிட்டார். முன்சக்கரத்தின் இரும்பு விளிம்பு வளைந்து காற்று இறங்கிவிட்டது.

நல்லவேளையாக, பக்கத்திலேயே வளைந்த சக்கரங்களை நிமிர்த்தும் பட்டறை ஒன்று இருந்தது. பட்டறை ஒரு பெரியவருடையது. வேலையை முக்கால்வாசி செய்தது அவருடைய மகள். அந்த அக்கா டயரைக் கழற்றினார். வெறும் சக்கரத்தை மெஷினில் பூட்டிச் சுற்றவிட்டு, அது தள்ளாடும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். அங்கே ஜாக்கியை முட்டுக்கொடுத்து மெல்ல மெல்லத் தள்ளினார். மறுபடி சுற்றவிட்டபோது, சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. எனக்குக் கைதட்டத் தோன்றியது. மாமாவோ சக்கரத்தைப் பார்க்கவேயில்லை.

அதன்பிறகு அந்தச் சாலையின் பள்ளமெல்லாம் மாமாவின் சக்கரத்தையே தேடி வந்தன. பட்டறைக்குப் போகும்போதெல்லாம் என்னையும் கூட்டிக்கொள்வார். அந்த அக்கா எனக்குக் கடலைமிட்டாய் தருவதால் நானும் மறுப்புச் சொல்வதில்லை. வீட்டில் அம்மா மாமாவுக்குப் பெண் தேடி அலைந்துகொண்டிருந்தாள். வந்த ஜாதகத்தையெல்லாம் மாமா ஏதாவது சொல்லித் தட்டிவிட்டார்.

"மொதல்ல கண்ணு டாக்டரப் பாருடா. அப்பால பொண்ணப் பாக்கலாம்" என்று அம்மா அலுத்துக்கொண்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் திடீரென்று அந்தச் சாலைக்குப் புதுத் தார் போட்டுவிட்டார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. மாமா மட்டும் சோறு இறங்காமல் தவித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்குப் பின்னால் டங் டங்கென்று சத்தம். போய்ப் பார்த்தேன். மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சக்கரத்தைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் நாங்கள் பட்டறையில் இருந்தோம்.

"இதுக்கு இன்னா ஆச்சு?" என்றார் அக்கா.

"பள்ளம்" என்றார் மாமா.

"எந்தப் பள்ளம்? அதான் ரோடு போட்டாச்சே."

"இல்ல, மணப்பட்டுப் பக்கம்…"

அக்கா விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். "பள்ளத்துல வுழுந்தா ஒரே எடத்துல அகலமா நெளியும். இது குழி குழியா இருக்குதே. யாரோ சுத்தியால அடிச்ச மாதிரி இருக்குதுப்பா."

மாமாவுக்கு உதவுவதாக நினைத்து நான் முந்திக்கொண்டேன்.

"மாமாதான் அடிச்சாரு. ரிப்பேர் வேல கத்துக்கினு இருக்காரு."

பெரியவர் இருமிக்கொண்டே டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். மாமாவின் காது இரண்டும் சிவந்துபோயின. அந்த அக்கா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"எங்க வூட்டுக்கு வர்றதுக்கு சக்கரத்தப் போட்டு ஏன் அடிக்கிறீங்க? உங்க அக்காவ இட்டுக்கினு வந்து அப்பாகிட்ட பேசச் சொல்லுங்க."

எனக்குப் பகீரென்றது. எங்கள் பள்ளியில் சேட்டை செய்தவர்களைத்தான் வீட்டிலிருந்து ஆளை அழைத்துவரச் சொல்வார்கள். என் வாயால் மாமா மாட்டிக்கொண்டார். திரும்பும் வழியெல்லாம் அழுதேன்.

"அம்மாகிட்ட சொல்லாத மாமா. திட்டுவாங்க."

"சொல்லாம எப்படிடி?" என்று சொல்லிவிட்டு, மாமா வண்டியை நிறுத்தி எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். வெட்கம்கெட்டுச் சிரிக்கவும் செய்தார்.

விஷயம் தெரிந்ததும் அம்மா திட்டத்தான் திட்டினாள். ஆனால் வெள்ளிக்கிழமை காலையிலேயே தலைகுளித்து, தட்டில் பழமும் பூவும் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பி நின்றாள். தம்பி செய்த குற்றத்துக்குப் பேச்சு வாங்கப் போகிறவள் எதற்காகப் பட்டுப்புடவை கட்டிக்கொள்கிறாள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.