சாமியா அக்காவின் பிளாஸ்க்

எந்த நிறுவனத்துக்குச் சோதனைக்குப் போனாலும் வாசலில் சாமியா அக்கா சற்று நிற்பார். பையிலிருந்து எவர்சில்வர் பிளாஸ்க்கை எடுத்துக் காதருகே மெல்ல ஆட்டுவார். தேநீர் தளும்பும் சத்தம் கேட்டதும் மூடியை இன்னொரு திருகு திருகிவிட்டுத்தான் படியேறுவார்.

புதுக்கோட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் எங்கள் அலுவலகம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை, செய்தவர்களோடு ஒட்டுறவில்லாமல் சோதித்துச் சொல்வது வேலை. அப்படிச் சோதிப்பவர்களுக்கு மாநில அரசு உரிமம் தரத் தொடங்கிய வருடம் அது. உரிமம் கிடைக்காவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். அக்கா விண்ணப்பித்திருந்தார். அப்போது கையிலிருந்தது விஸ்வநாதனின் செயலி. நோயாளியோடு பேசி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா என்று அது சொல்லும். நாங்கள் கைநீட்டாதவர்கள்தானா என்று உரிமக் குழு அவரையும் விசாரிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பம் அவர். அவர் நிறுவனத்துக்கு நாங்கள் போனதுமே முறுக்கு, சீடை, காபி என்று மேஜையை நிரப்பிவிட்டார்.

“வேணாம் சார், கொண்டாந்திருக்கேன்.”

“தண்ணியாச்சும் குடிம்மா. வந்தவுகளை வெறும் வாயோட அனுப்பி எங்களுக்குப் பழக்கமில்ல.”

அக்கா சிரித்தபடியே பிளாஸ்க்கைத் திறந்தார்.

சோதனைக்குக் கீரனூரிலிருந்து பிச்சையம்மாள் வந்திருந்தார், இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர். உடம்புக்கு என்ன என்று செயலி கேட்டது.

“எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன். நீ சாப்பிட்டியா?”

“நீங்கள் நலம். வீட்டில் ஓய்வெடுங்கள்” என்று முடித்துக்கொண்டது செயலி.

அக்கா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு, பேத்தியின் படிப்பு வரை விசாரித்துவிட்டுக் கேட்டார்: “படியேறயில எப்படி இருக்கு அத்தை?”

“அதையேன் கேக்குற, நெஞ்சை அடைக்குதுத்தா.”

முதல் கேள்விக்கே நோவைச் சொல்லிவிடுகிறவர்கள் எங்கள் பக்கம் குறைவு. செயலி தேறவில்லை என்று அக்கா எழுதினார்.

விஸ்வநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. “கெழவி பொய் சொன்னா மெஷின் என்னம்மா செய்யும்? உரிமத்துக்குச் சென்னையிலேருந்து கேக்கட்டும், உன்னையப் பத்தி நானும் சொல்றேன்.”

“சொல்லுங்க சார். அதுக்குத்தானே கேக்குறாங்க.”

திரும்பும் பஸ்ஸில், கொஞ்சம் தணித்து எழுதியிருக்கலாமே என்று முனகினேன். அக்கா மிச்சத் தேநீரை மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினார். “பிச்சையம்மா அத்தை வீட்டுலயே படுத்துக் கெடந்தா ஒனக்குச் சம்மதமா?”

உரிமம் வந்தது, மாவட்டத்திலேயே முதலாவதாக. ஆணியடித்து மாட்டியது நான்தான். நேராக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் நெடுநேரம் அதன் முன் நின்றேன்.

திருத்திய செயலியோடு விஸ்வநாதன் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். உரிமக் குழுவிடம் அவர் என்ன சொன்னார் என்பது அன்றுதான் தெரிந்தது.

“போன் பண்ணிக் கேட்டாகம்மா. நான் விடுவனா? ‘அரை நாள் இருந்துச்சுங்க, ஒரு வாய் தண்ணி குடிக்கல, அம்புட்டுத் திமிரு’ன்னேன். ‘இது போதும் சார்’னு வச்சுட்டாக. மறுவாரம் ஒனக்கு உரிமம்!”