கடல்தண்ணீர்த் தொட்டியும் ஓதம் ஏறிய சுவரும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. அதோடு, எங்கள் வீட்டில் நடந்ததை ஜெபக்கூட்டத்தில் மற்றவர்கள் என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவில் போய் "அப்படி இல்லை" என்று சொல்ல வாய் வரவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். பிள்ளைப்பாக்கத்தில் ஓட்டு வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் பிரஸ் மெஷின் வேலை. ஒருநாள் மெஷினில் வலது கை மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று விரல் இல்லாமல் வந்தார். அதன் பிறகு வாசலைத் தாண்டவில்லை. கோயிலுக்கும் வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சோறு போட்டால் சாப்பிடுவார், அவ்வளவுதான். எனக்கு அழுகை வரவில்லை. சமைத்தேன், துவைத்தேன், முழங்கால் போட்டு ஜெபம் செய்தேன். ஜெபத்தில்கூடப் பழக்கப்பட்ட வார்த்தைகள்தான் வந்தன.

அவரோடு வேலை பார்த்த வெல்டர் ஒருவர் கோவளத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. இவரை 'அண்ணே' என்றும் என்னை 'அண்ணி' என்றும் கூப்பிடுவார். அவர் இரும்பு ஆங்கிளைப் பற்றவைத்து, கண்ணாடி பொருத்தி, ஓரமெல்லாம் லப்பம் வைத்து அடைத்து ஒரு தொட்டி கொண்டுவந்தார். கேன்களில் கடல்தண்ணீர். காற்று விட ஒரு சின்ன மோட்டார். மஞ்சளில் கறுப்பு வரி போட்ட குட்டி மீன்கள்.

"அண்ணே, இதுங்களுக்கு உன்ன விட்டா யாரும் இல்ல. பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இவர் எழுந்து உட்கார்ந்தார். மறுநாள் தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டுக்கொண்டார். மீன் செத்தால் இவர் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் அந்தத் தொட்டியைப் பற்றி நான் ஒரு குறையும் சொன்னதில்லை.

குறை இல்லாமல் இல்லை. தொட்டிக்குப் பின்னால் இருந்தது சமையலறைச் சுவர். லப்பம் கசிந்து கசிந்து சுவரில் ஓதம் ஏறியது. வெள்ளையாக உப்புப் பூத்தது. காரை அப்பளம் மாதிரி பெயர்ந்து மாவுப் பானைக்குள் விழுந்தது. மேகம் மூடினால் போதும், துடைத்த தரை தானாக ஈரமாகிவிடும். தினமும் துடைத்துப் பிழிவதே எனக்கு வேலை.

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இன்னாக்கா, நாங்க நல்ல தண்ணிக்குக் கொடத்தத் தூக்கினு அலையிறோம். உன் வூட்ல கடலே கீது!"

தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய வெல்டர் விட்டுப்போன கேன்களிலிருந்து இவர் கடல்தண்ணீரையே ஊற்றிக்கொண்டு வந்தார். கடல்மீனுக்குக் கடல்தண்ணீர் என்றுதான் நானும் நினைத்தேன். கொஞ்ச நாளில் மீன்கள் சோர்ந்து ஒரு மூலையில் ஒதுங்கின. தீனி போட்டால் தொடவில்லை. இவரும் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். "ஆண்டவரே, இந்த மீனை மட்டும் விட்டுவையும்" என்று கேட்டேன். மீனுக்காக ஜெபிக்கலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. ஒருநாள் காலை அடித்த காற்றில் தொட்டிக்கு நேர் மேலே ஓடு விலகிவிட்டது.

"ஏய், ஓடியா! மழத்தண்ணி உள்ள உழுது! மீனெல்லாம் பூடும்!"

அவ்வளவு சத்தமாக அவர் பேசி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அடுப்பை அப்படியே விட்டு ஓடினேன். ஆளுக்கொரு பக்கம் தார்ப்பாயைப் பிடித்தோம். அவர் பக்கம் பிடி நழுவியது. பாயில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் சரிந்தது. அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் துணி எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் மீன்கள் தொட்டி முழுக்க ஓடின. போட்ட தீனியை அடித்துப் பிடித்துத் தின்றன. நான் மண்டியிட்டேன். ஸ்தோத்திரம் சொன்னேன். உள்ளே சந்தோஷம் இருந்ததா என்று கேட்டால், இருந்த மாதிரி ஞாபகம் இல்லை.

அந்த வாரம் வெல்டர் வந்தார். கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன் அண்ணி, தெனமும் கொழம்பு வெக்கிறீங்களே, சுண்டிப்போச்சுன்னா உப்பு எங்க போவும்?"

"அங்கயேதான் இருக்கும். கரிக்கும்."

"அப்பறம் இன்னா? தண்ணிதான் காஞ்சி போவுது, உப்பு போவல. கொறையறதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். நீங்க உப்புமேல உப்பு ஊத்திக்கீறீங்க. மழ வந்து சரி பண்ணிச்சு."

மீன் பிழைத்தது. சுவர் பிழைக்கவில்லை. மழைக்குப் பிறகு அது வயிறு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. தொட்டியின் ஆங்கிளும் துருப்பிடித்து இற்றுவிட்டது. கொத்தனார் விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு தொட்டி, இல்லன்னா சொவரு" என்றார். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து மீனுக்குத் தீனி போட்டார். பிறகு, "கடல்லயே வுட்டுட்டு வரலாம். நானே எடுத்துனு போறேன்" என்றார்.

தாம்பரம் போய் பஸ் மாறினோம். பக்கெட்டை இரண்டு கையாலும் அணைத்து மடியில் வைத்திருந்தார்.

"இன்னாபா பக்கெட்ல?" என்று கண்டக்டர் கேட்டார்.

"மீனு."

"கோவளத்துக்கா? எல்லாரும் அங்கேர்ந்து மீன் வாங்கினு வருவாங்க. நீ இன்னாடான்னா இங்கேர்ந்து கொண்டுபோற!"

பஸ்ஸே சிரித்தது. இவரும் சிரித்தார். டிக்கெட் கிழிக்கும்போது கண்டக்டர் இவர் கையைப் பார்த்துவிட்டு, "கை இன்னாச்சு?" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பிரஸ்ல மாட்டிச்சுபா. மூணு வெரலு பூட்ச்சு" என்று இவரே சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வந்தார். இடது கையால் வேதாகமத்தைப் புரட்டினார். பின்னால் கம்பெனியில் ஸ்டோர் வேலை கொடுத்தார்கள்.

இதைத்தான் ஜெபக்கூட்டங்களில், செத்து மிதந்த மீன்கள் மழை பட்டு எழுந்தன என்றும், அன்றைக்கே அவர் கை சுகமானது என்றும் சொல்லிவந்தார்கள். போன வருஷம் வல்லம் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி என்னைத் தேடி வந்தாள். அவள் புருஷனுக்கும் மெஷினில்தான் கை போயிருந்தது. "நானும் அதே மாதிரி ஜெபிச்சேன்கா. எனக்கு மட்டும் ஏன் கேக்கல?" என்று கேட்டு அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் எழுதினேன். ஆண்டவர் எங்களைக் கைவிடவில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் விரல் வளரவில்லை. செத்த மீன் எதுவும் எழவில்லை. அந்தச் சுவரை இடித்துத்தான் கட்டினோம். இதை யாருக்காவது சொல்ல நினைக்கிறவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். உங்கள் பங்குக்கு ஒன்றும் சேர்க்காதீர்கள், ஒன்றையும் எடுக்காதீர்கள்.