பெயர் கூப்பிடாத வாக்கெடுப்பு

கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலவில் மாகாண சபை கூடிய மண்டபத்தில் ஒவ்வோர் உறுப்பினரின் மேசையிலும் ஓர் ஒலிவாங்கி இருந்தது. அவர் பேசத் தொடங்கினால் அதன் கழுத்தில் சிவப்பு வெளிச்சம் எரியும். மண்டபத்தின் பின்பக்கம் கண்ணாடி அறைக்குள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, அந்த வெளிச்சத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதுதான் என் உத்தியோகம். தமிழில் பேசினால் சிங்களத்தில் சொல்வேன், சிங்களத்தில் பேசினால் தமிழில் சொல்வேன். உரைபெயர்ப்பாளர் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது, 'நான்' என்றுதான் சொல்லவேண்டும். அப்படி எத்தனையோ பேருக்காகக் கோபப்பட்டிருக்கிறேன், மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், நான் கண்ணால் கண்டிராத பாலங்களைக் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடித்தால் எல்லாம் மறந்துவிடும். ஒருவருடைய பேச்சு மட்டும் மறக்கவில்லை. அவர் என் சித்தப்பா.

அப்பா போன பிறகு எங்களைத் தாங்கியவர் அவர். கண்டி டவுனில் ஒரு தொழிற்சங்கக் காரியாலயத்தில் எழுதுவினைஞராக இருந்தார். தேயிலைத் தோட்டத்திலிருந்து என்னை இறக்கி டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் அவர்தான், 'சிங்களத்தையும் சரியாப் படிச்சுக்க புள்ள, நம்மள ஏமாத்துறவன் என்ன சொல்லி ஏமாத்துறான்னாவது தெரியணும்' என்று வகுப்புக்கு அனுப்பியதும் அவர்தான். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. அவர் மாகாண சபைத் தேர்தலில் நின்றபோது அம்மா கொழுந்து பறித்த கையோடு, தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக ஏறி இறங்கி, கட்சிப் பட்டியலில் அவர் பெயருக்கு விருப்பு வாக்குக் கேட்டார். ஜெயித்த பிறகு அவரை எல்லோரும் 'மெம்பர் ஐயா' என்றார்கள். அம்மா மட்டும் பழையபடி 'தம்பி' என்றார், ஆனால் அந்தத் 'தம்பி'யிலும் ஒரு மரியாதை ஏறியிருந்தது.

எங்கள் தோட்டத்துக்குக் கீழே சின்னதாக ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு. அதில் பிள்ளைப்பேற்று வார்ட்டில் ஆறேழு கட்டில்கள் இருந்தன, தமிழ் தெரிந்த ஒரு தாதி மிஸ்ஸியும் இருந்தார். நாங்கள் பிறந்தது அங்கேதான். அந்த வருட வரவு செலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கான ஒதுக்கீட்டில் அந்த வார்ட்டுக்கு ஒன்றுமில்லை என்று தெரியவந்தது. மூடப் போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை, காசை மட்டும் வைக்கவில்லை. மூடிவிட்டால் வலி கண்ட பெண்ணை அந்த வளைவுப் பாதையில் பேராதனைப் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் இறக்கவேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் சும்மா போகிறவர்களுக்கே குடல் வாய்க்கு வந்துவிடும்.

பெண்கள் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். சித்தப்பா வந்தார். சபையில் ஒதுக்கீட்டை எப்படி நிறைவேற்றுகிறார்கள் என்று விளக்கும்படி என்னைக் கேட்டார். சொன்னேன்: விவாதம் முடிந்ததும் தவிசாளர் 'ஆதரவா, எதிர்ப்பா' என்று கேட்பார், எல்லோரும் ஒரேயடியாகச் சத்தம் போடுவார்கள், ஆதரவு அதிகம் என்று அவர் சொன்னால் அதோடு சரி. யார் எந்தப் பக்கம் என்று எங்கேயும் இருக்காது. ஆனால் ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து வாக்கெடுப்புக் கேட்டால் போதும், ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும். சித்தப்பா கதிரையை விட்டு எழும்பினார். 'நான் கேப்பேன். ஒவ்வொருத்தன் பேரையும் கூப்பிடச் சொல்லுவேன். மலைப்பக்கத்து ஓட்டுல போனவன் எவனுக்கு நம்ம பொம்பளைங்களுக்கு எதிரா வாயத் தொறக்கத் தைரியம் இருக்குன்னு பாப்போம்.' மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன்.

அன்றைக்கு ஒரு பஸ் நிறையப் பெண்கள் பல்லேகலவுக்கு வந்து மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் அம்மா, தீபாவளிச் சேலையில். காலையில் கல்வி ஒதுக்கீடு சத்தத்தோடு சத்தமாக நிறைவேறியது. பிறகு சுகாதாரம். சித்தப்பா பேசினார். அப்படி ஒரு பேச்சை நான் அந்தக் கண்ணாடி அறையில் கேட்டதில்லை. கம்பளிக்குள் சுற்றிக் கொழுந்து லொறியில் ஏற்றிய பெண்களைப் பற்றிச் சொன்னார். 'என் தாய் என்னைப் பெற்ற கட்டில் அது, என் கண் முன்னால் அதைத் தூக்க விடமாட்டேன்' என்றார். அதை நான் சிங்களத்தில் சொன்னேன். என் தாய், என்னைப் பெற்ற கட்டில், நான் விடமாட்டேன். முதல் தடவையாக அந்த 'நான்' உண்மையிலேயே நானாக இருந்தது. பக்கத்தில் இருந்த சக ஊழியர் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளினார். எதிர்வரிசையில் ஒரு சிங்கள உறுப்பினர் கருவியைக் கழற்றாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தவிசாளர் கேட்டார். சத்தம் எழுந்தது. ஆதரவு அதிகம் என்றார். நான் விசையில் விரலை வைத்துக்கொண்டு சித்தப்பாவின் மேசையையே பார்த்தேன். வாக்கெடுப்பைக் கோருகிறேன் என்ற வாக்கியத்தைச் சிங்களத்தில் நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன். தவிசாளர்கூட ஒரு கணம் அவர் பக்கம் பார்த்தார். வெளிச்சம் எரியவில்லை. சித்தப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். வாக்கெடுப்பின்றி நிறைவேறியது என்று தவிசாளர் அறிவித்தார். அதைத் தமிழில் சொன்னதும் நான்தான்.

இறங்கி வெளியே ஓடினேன். புல்தரையில் பெண்கள் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பார்சல் சித்தப்பாவின் உபயம். மாடத்தில் காதுக் கருவி இல்லை, தவிசாளர் சிங்களத்தில் அறிவித்ததால் காரியம் முடிந்துவிட்டது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் போய், 'சித்தப்பா வாக்கெடுப்புக் கேக்கலம்மா, எழும்பவே இல்ல' என்றேன். அம்மாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. எனக்குப் பின்னாலேயே வந்து நின்ற சித்தப்பாவை எல்லோரும் பார்த்தார்கள். அவர் கோபிக்கவில்லை. என் தலையில் கையை வைத்துச் சிரித்தார். 'புள்ளைக்கு அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள சரியா கேட்டிருக்காது, அண்ணி. நாம பேசுன பேச்சுக்கு அவனுங்க அசந்துட்டானுங்க. இனி நடக்கும்.'

கேட்பதைத் தவிர வேறு வேலை இல்லாத எனக்குக் கேட்கவில்லையாம். அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். 'நாங்க எல்லாரும் மேல இருந்து கேட்டோமே புள்ள. அவரு எப்பிடிப் பேசுனாரு. பெரியவங்களப் பத்தி இப்பிடிச் சொல்லாத' என்றார். அந்தச் சோற்றில் ஒரு வாய் எனக்கும் உருட்டிக் கொடுத்தார். வாங்கவில்லை. வாகனத்தருகே தனியாகப் பிடித்து ஏன் என்று கேட்டபோது சித்தப்பா மறைக்கவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. 'எழும்பியிருந்தா அடுத்த முறை சீட் இல்லன்னு கட்சித் தலைவர் காலையிலயே சொல்லிப்புட்டாரு. பேசுறதுக்குத் தடையில்லைன்னாரு. பேசுனேன். நான் ஆதரிச்சேன்னு எவனாச்சும் காட்டட்டும் பாப்போம்.' காட்ட முடியாதுதான். எதிர்த்தார் என்றும் காட்ட முடியாது. அதற்கான ஒரே வழியைக் கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு விளக்கிச் சொன்னவள் நான்.

சில மாதங்களில் மிஸ்ஸியை மாற்றினார்கள், பிறகு கட்டில்களை லொறியில் ஏற்றினார்கள், பிறகு கதவைப் பூட்டினார்கள். 'ஐயா அவ்வளவு பேசியும் அவனுங்க கேக்கலியே' என்று தோட்டத்தில் ஆற்றாமைப்பட்டார்கள். நான் வாயைத் திறந்த போதெல்லாம் எனக்குப் பொறாமை என்றும், டவுன் உத்தியோகம் தலைக்கேறிவிட்டது என்றும் பேச்சு வந்தது. அவருக்கு மறுபடி சீட் கிடைத்தது. அம்மா மறுபடி லயம் லயமாக ஏறினார். இப்போது மாகாண சபைத் தேர்தலே நடத்தாமல் அந்தச் சபை கூடி வருடக்கணக்காகிறது, நான் வேறொரு காரியாலயத்தில் கடிதங்களை மொழிபெயர்க்கிறேன். ஆனால் சித்தப்பாவின் அந்தப் பேச்சு மட்டும் வேறு எந்தத் தேர்தல் வந்தாலும் எல்லோருடைய போனிலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

போன மாதம் என் அக்காவின் மகளுக்கு வலி கண்டது. நல்ல மழை. ஓட்டோவில் அம்மாவும் கூடப் போனார். பேராதனைக்கு வருவதற்குள், பாதி வளைவில், பிள்ளை அம்மாவின் மடியிலேயே வந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது ஆஸ்பத்திரிக்காரர்களின் புண்ணியம். நான் போய்ச் சேர்ந்தபோது நடையில் இருந்த ஒரே கதிரையில் அம்மா குந்தியிருந்தார். சேலை முழுக்க இரத்தம் காய்ந்திருந்தது. சற்று நேரத்தில் சித்தப்பாவும் வந்தார், நெஸ்டமோல்ட் சத்துமா டின் ஒன்றோடு. அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். நான் தோளைப் பிடித்து அமர்த்தப் பார்த்தேன், என் கையைத் தட்டிவிட்டார்.

'நமக்காகப் பேசுன மனுசன் நிக்கிறாரு. நீங்க உக்காருங்க தம்பி.'

சித்தப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.