கல்லாற்றுப் பாறையில் எங்கள் சிப்பிப்பாறை

எங்கள் சிப்பிப்பாறை நாய் போன மழைக்காலத்தில், வயதாகி, சிறுநீரகம் பழுதாகி இறந்தாள். அவளை நினைத்தால் எனக்கு அவள் வாங்கிய கோப்பைகள் நினைவுக்கு வருவதில்லை. கல்லாற்றில் ஒரு பிற்பகல்தான் வருகிறது.

என் கணவருக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். அங்கிருந்துதான் நாங்கள் வசிக்கும் கழக்கூட்டத்து ஃபிளாட்டுக்கு அவளைக் குட்டியாகக் கொண்டுவந்தார். ஓட்டப் பயிற்சி அவர் பொறுப்பு. மைதானத்தில் கயிற்றில் கட்டிய வெள்ளை பிளாஸ்டிக் பையை மோட்டார் சரசரவென்று இழுக்கும். நாய்கள் அதைத் துரத்த வேண்டும். பையைக் கண்டால் அவளுக்கு வேறெதுவும் கண்ணில் படாது. நாய்க் கண்காட்சி என் பொறுப்பு. அங்கே நேர் எதிர். நடுவர் பல்லைப் பார்ப்பார், முதுகைத் தடவுவார், அசையக் கூடாது. வறுத்த ஈரல் துண்டை மூடிய கையில் வைத்து உயர்த்தி, "ஸ்டாண்ட்" என்பேன். சிலை மாதிரி நிற்பாள். இரண்டிலும் சாம்பியன் பட்டம் வாங்கியவள்.

அன்று பொன்முடி மலைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கல்லாற்றில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். பின்னால் ஆறு, கணுக்கால் அளவுத் தண்ணீர், பெரிய பாறைகள், சற்றுத் தள்ளி ஒரு பாலம். அவளைத் தண்ணீர் குடிக்கக் கூட்டிப்போனபோது எதிரே ஒரு கீரி ஓடியது. சிப்பிப்பாறை இனத்துக்குத் தலையைவிடக் கழுத்து அகலம். ஒரே இழுப்பில் கழுத்துப்பட்டை என் கையோடு வந்துவிட்டது. பாறைக்குப் பாறை தாவி அக்கரைக்குப் போய்விட்டாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கப் போனார். மேலிருந்து டீக்கடைக்காரர் கத்தினார்.

"சாரே, எறங்கண்டா! மலையில மழை கொட்டுது. வெள்ளம் வரும், மேல கேறி வாங்க!"

எங்கள் தலைக்கு மேல் வெயில்தான் அடித்தது. ஆனால் தண்ணீர் கலங்கத் தொடங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே செம்மண் நிறமாகி, நாங்கள் நின்றிருந்த கல்லை மூடியது. பின்வாங்கி மேட்டில் ஏறினோம்.

கீரியைத் தவறவிட்ட அவள், அக்கரையை ஒட்டிய ஒரு பாறையில் ஏறி எங்களைத் தேடினாள். அவர் கூப்பிட வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"கூப்பிடாதீங்க! கூப்பிட்டா நேரா தண்ணியில குதிச்சிருவா."

"அப்ப என்னதான் செய்யச் சொல்லுத?"

"பாலத்து வழியா அந்தப் பக்கம் போயி பின்னாலேருந்து பிடிங்க. அதுவரைக்கும் நான் நிப்பாட்டி வைக்கேன்."

அவர் வெறுங்காலோடு ஓடினார்.

கையை உயர்த்தினேன். மூடிய கைக்குள் ஒன்றுமில்லை. "ஸ்டாண்ட்!" ஆற்றின் இரைச்சலில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ, கையைப் பார்த்தாள். நான்கு கால்களையும் ஊன்றி, கழுத்தை நீட்டி நின்றாள். தண்ணீர் பாறையின் விளிம்பைத் தொட்டது. பிறகு அவள் பாதங்களை. ஒரு முன்காலைத் தூக்கி மறுபடி வைத்தாள். என் தோள் கடுத்தது. கையை இறக்கினால் ஓடி வரலாம் என்றுதான் அவளைப் பழக்கியிருந்தேன்.

அப்போதுதான் அந்தப் பை வந்தது. யாரோ எறிந்த வெள்ளை பிளாஸ்டிக் பை, காற்றை அடைத்துக்கொண்டு, வெள்ளத்தில் துள்ளித் துள்ளி அவள் பாறையை நோக்கி வந்தது. அவள் காதுகள் விறைத்தன. பின்னங்கால்கள் மடங்கின.

"ஸ்டாண்ட்!" தொண்டை கிழியக் கத்தினேன். அவள் பார்வை பையோடு போனது. என் கைக்கு வந்தது. மறுபடி பையோடு போனது. உடம்பு முழுக்க நடுங்கியது. பை அவளைக் கடந்து, சுழன்று, மறைந்தது. அவள் அசையவில்லை.

அடுத்து நான் கண்டது, பின்னாலிருந்து அவள் வயிற்றைச் சுற்றிய அவருடைய கைகளை. ரப்பர் மரங்களுக்கிடையே சறுக்கி இறங்கியதில் அவர் முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். நான் மட்டும் அப்படியே நின்றிருக்கிறேன். டீக்கடைக்காரர்தான் பக்கத்தில் வந்து, "சேச்சி, பிடிச்சாச்சு. கையை எறக்குங்க" என்றார்.

அவர் வண்டி ஓட்டும் நிலையில் இல்லை, நான் ஓட்டினேன். பின்சீட்டில் அவர் மடியில் அவள் தூங்கிப்போனாள். நெடுமங்காடு தாண்டும்போது அவர் சொன்னார்.

"இனி இவள எங்கயும் ஓட விட வேண்டாம்."

சரி என்றேன். ஆனால் அடுத்த மாதமே ஓட விட்டோம். காலையில் வாசற்கதவருகே வந்து எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்ப்பவளை வீட்டுக்குள் கட்டிவைக்க இருவருக்குமே மனம் வரவில்லை.