திரைக்குப் பின்னால் நான் பேசாமல் இருந்தது

இதை எழுதுவதா விடுவதா என்று பல வருசம் தயங்கினேன். புறம் பேசியதாகிப் போகுமோ என்ற பயம். சம்பந்தப்பட்டவரும் எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத்துக்காரர்தான். ஆனால் ஊரில் இந்தக் கதை வேறு மாதிரி உலாவுகிறது. அதனால் பிஸ்மி சொல்லித் தொடங்குகிறேன்.

மன்னாரில் ஒரு நண்டுக் கொம்பனியில் எனக்கு வேலை. அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கவேண்டும். என் கடைசி மகள் தவழ்கிற காலத்தில் சேர்ந்தேன். இப்போது அவளே ஒரு பிள்ளைக்குத் தாய்.

என் புருசன் மவுத்தானார். புருசனை இழந்தவள் இருக்கவேண்டிய நாலு மாசமும் பத்து நாளும் நான் இத்தா இருந்தேன். அது முடியும்வரை வெளியே போகவோ அந்நிய ஆம்பிளைகள் முன்னால் வரவோ முடியாது. கொம்பனிச் சுப்பர்வைசர் தானாகவே வீட்டுக்கு வந்து, "ராத்தா, வேலையைப் பற்றி யோசிக்காதீங்கோ. ஆறுதலா வாங்கோ" என்றார். நாங்கள் தண்ணீர் குடிக்க எழும்பினாலே முறைக்கிற மனுசன் அவர். அடுத்த கிழமை அரிசியும் பேரீச்சம்பழமும் அனுப்பினார்.

"இதில ஏதோ கிடக்கு" என்றேன் மகளிடம்.

"உங்களுக்கு ஆர்தான் உம்மா நல்லவன்? பேரீச்சம்பழத்தையும் பிளந்து பாத்துத்தான் வாயில வைப்பீங்க."

பிளந்துதான் பார்த்தேன்.

பிறகு, கூட வேலை செய்கிற பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். "மச்சி, உன்ட கதிரையில புதுப்பிள்ளை ஒண்டு இருக்கு. வேலை பழகுதாம்."

"எவ்வளவு நாளைக்குப் பழகும்?"

"குசன் தைச்சுக் கொண்டு வந்து போட்டிட்டாள்."

அன்று மகரிபுத் தொழுகைக்குப் பிறகு பாயை விட்டு எழும்ப மனம் வரவில்லை. புருசன் போய்விட்டார், அந்த வேலையும் போனால் மகளின் கையைத்தான் பார்க்கவேண்டும்.

இத்தா முடியப்போகிற நேரம் சுப்பர்வைசர் மறுபடி வந்தார், இரண்டு ஆம்பிளைகளோடு. நான் அறைத் திரைக்குப் பின்னால் இருந்தேன்.

"ராத்தா, வயசும் போகுது. இனி வீட்டோட இருந்து தொழுது ஓதலாம்தானே. வேலையை விடச் சம்மதமோ?"

எதைச் சொன்னாலும் திரிப்பார் என்று வாயே திறக்கவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "சரி, அல்லாஹ் பரக்கத் செய்வான்" என்று போய்விட்டார்.

இத்தா முடிந்து வேலைக்குப் போனால், கேற்றிலேயே மறித்தார்.

"நீங்கதானே விட்டிட்டீங்க."

"எப்ப விட்டன்?"

"நிக்காஹ்வில பொம்பிளை பேசாட்டிச் சம்மதம்தானே ராத்தா? ரெண்டு சாட்சியும் இருந்தாங்க."

நேரே அரசாங்கத்தின் தொழில் கந்தோருக்குப் போய் முறைப்பாடு கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி மிஸ் முதலில் சிரித்துவிட்டா. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மா, உங்களில பிழை ஒண்டும் இல்லாமல் உங்களை நிப்பாட்டிறதெண்டால் உங்கட சம்மதம் எழுத்தில வேணும். இல்லாட்டித் தொழில் ஆணையாளரின் அனுமதி வேணும். கலியாணத்துக்குப் பேசாமல் இருந்தால் போதும், இதுக்குக் காணாது" என்றா.

அவவையும் நான் நம்பவில்லை. விசாரணையன்று அவ சுப்பர்வைசரோடு வாசலில் கதைத்துக்கொண்டு நின்றதைக் கண்டேன். முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் உள்ளே அவ இரண்டு சாட்சியையும் தனித்தனியாகக் கேட்டா: "அவ என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை" என்றார் ஒருவர். மற்றவரும் அதையே சொன்னார். அல்ஹம்துலில்லாஹ், என்னைத் திரும்ப எடுத்தார்கள்.

முதல் நாளே சுப்பர்வைசர் சிரித்துக்கொண்டு வந்தார். "ராத்தா, இனி கழுவிற பக்கம் இருங்கோ. லேசான வேலை. சரிதானே?"

மேசையில் எல்லாக் கையும் நின்றுவிட்டது.

"சரியில்லை" என்றேன், எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக. "என்ட இடத்திலதான் இருப்பன்."

அந்தப் புதுப்பிள்ளை குசனைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கதிரைக்கு நகர்ந்தது. பாவம், அதற்கும் துஆ கேட்கிறேன்.

நான் திரைக்குப் பின்னாலிருந்து கத்தி அவரை விரட்டியதாக ஊரில் சொல்கிறார்கள். அது பொய். ஆருக்காவது இதைச் சொல்வதானால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கோ. நான் பேசாமல் இருந்ததைப் பேசாமல் இருந்ததாகவே சொல்லுங்கோ. இல்லாவிட்டால், என்னைப் போலப் பேசாமல் இருந்துவிட்ட இன்னொருத்தி, வேலை போய்விட்டது என்று எண்ணிக் கேற்றடிக்கே போகாமல் இருந்துவிடுவாள்.