ஹார்பின் கல்லிலிருந்து பதினோரு தப்படி

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்று நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை. கண்ணிலும் கோளாறு இல்லை. 1974, டிசம்பர் 14, சனிக்கிழமை. இந்தக் கண்ணால் பார்த்தது, இந்தக் காதால் கேட்டது.

அதற்கு முன்னால் நான் செய்த அயோக்கியத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் எப்படியாவது 'அழகான கிராமம்' போட்டியில் ஜெயித்துவிடுவது என்று எங்கள் ஹார்கோம்ப் கிராமம் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் மூன்று வருஷமாகப் பரிசைத் தட்டிக்கொண்டு போயிருந்தார்கள். எங்கள் சர்ச் கல்லறைத் தோட்டத்தில் புல் மண்டிக்கிடக்கிறது என்று நடுவர்கள் குறை எழுதியிருந்தார்கள். மண்டாமல் என்ன செய்யும்? புல் வெட்டும் இயந்திரம் நுழைய முடியாதபடி குறுக்கும் நெடுக்குமாகக் கல்லறைக் கற்கள். மொத்தம் அறுபத்து மூன்று. எல்லாவற்றையும் பிடுங்கிச் சுவரோரமாக வரிசையாக நிறுத்திவிடலாம் என்று குழு முடிவு செய்தது. எந்தக் குழு தெரியுமா? ஊரின் சரித்திரத்தைக் காப்பாற்ற ஏற்பட்ட குழு! அதற்குச் செயலாளர், சாட்சாத் நான்தான்.

பாதிரியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். எந்தக் கல் எங்கே நின்றது என்று அளந்து, வரைபடத்தில் குறித்த பிறகுதான் பிடுங்கவேண்டும்.

"ஒரு கல்லு விடாம அளந்துடுவல்ல, பெர்னார்ட்?"

"கவலையே படாதீங்க ஐயா. ஒரு அங்குலம் பிசகாது."

நாற்பத்தாறு கற்களை ஒழுங்காகத்தான் அளந்தேன். வடக்கு ஓரத்தில் கடைசி வரிசை, பதினேழு கற்கள் மிச்சம். மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை நடுவர்கள் வருகிறார்கள். டிராக்டரும் கயிறுமாக ஆட்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். "அளந்தாச்சாய்யா, இல்லையா? டீ ஆறிப்போவுது!" என்று ஒருவன் கத்தினான். அளந்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சூடாக டீ குடித்துக்கொண்டே, அந்தப் பதினேழு இடங்களையும் மனத்துக்குத் தோன்றியபடி வரைந்தேன். பரிசு கிடைத்தது. எல்லோரும் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். எனக்கு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அந்த டிசம்பர் சனிக்கிழமை, வழக்கம்போலக் கோபுரக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் போனேன். 3:40க்கு ஏறினேன். 3:55க்கு இறங்கினேன். நாள் முழுக்க உறைபனி உருகவேயில்லை, புல்லெல்லாம் வெள்ளையாக விறைத்துக் கிடந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கதவைப் பூட்டும்போது கேட்டது.

கரக்... கரக்... கரக்...

உறைந்த புல்லில் யாரோ நடக்கிறார்கள். வடக்குப் பக்கம். என்னையறியாமல் எண்ணினேன். பதினோரு தப்படி. நின்றது. பிறகு...

தட்... தட்... தட்...

உள்ளங்கையால் தரையைத் தட்டும் சத்தம். குழந்தையைத் தூங்கவைக்க முதுகில் தட்டுவோமே, அப்படி. சட்டென்று நின்றது. மறுபடி நடை. மறுபடி பதினொன்று.

யாரோ வழி தெரியாமல் தவிக்கிறார்கள் என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போனேன். ஒரு பெண். தலையில் சாக்குத்துணி. கையுறை இல்லை, விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

"ஹார்பின் கல்லு எங்கய்யா?"

"சுவரோரம் வெச்சிருக்கோம்மா."

ஹார்பின் என்று பேர் பொறித்த கல்லறைக் கல், நான் அளக்காத பதினேழில் ஒன்று. பதில் சொல்லும்போது என் வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வந்தது. அவள் வாயிலிருந்து வரவில்லை.

அவள் சுவரோரம் போனாள். எழுத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கல்லாகத் தடவினாள். ஒன்றில் கை நின்றது. அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு நடந்தாள். பதினொன்று. வெட்டிய புல்லை நாங்கள் கொட்டும் குப்பைமேட்டில் போய் நின்றாள்.

"இங்க இல்ல."

"யாரும்மா?"

"எம்புள்ள. ஞானஸ்நானம் ஆகலன்னு கல்லு வெக்க விடல. ஹார்பின் கல்லுலேந்து பதினோரு தப்படி. அதான் அடையாளம்."

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். இத்தனை தடவை நடந்திருக்கிறாள். பனியில் ஒரு தடம்கூட இல்லை.

ஓட முடியவில்லை.

அவள் என்னையே பார்த்தாள்.

"முன்ன எங்க நின்னுச்சு அந்தக் கல்லு? நீதான அளந்த?"

தெரியாது. அந்த ஒரு வார்த்தை போதும். சொல்லியிருக்கலாம்...

சொல்லவில்லை. விரலை நீட்டினேன்.

"அதோ... அங்க."

மணி 4:10.

நடந்தாள். கரக்... கரக்...

பதினொன்று.

மண்டியிட்டாள். தட்டினாள்.

தட்... தட்...

முகம் மலர்ந்தது.

"கெடச்சுட்டான். நீ நல்லா இருப்பய்யா."

கண் இமைத்தேன். யாருமில்லை.

வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று தெரியவில்லை. என்னை உலுக்கியது பயம்கூட இல்லை. அந்த ஆசீர்வாதம்தான். யாருமே இல்லாத இடத்தைக் காட்டி ஒரு தாயை ஏமாற்றியிருக்கிறேன், அவள் என்னை வாழ்த்திவிட்டுப் போகிறாள்! மறுநாள் பாதிரியாரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பி, அவர் வாசல்வரை போனேன். சுவரில் மாட்டியிருந்த பரிசுப் பலகையைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டேன்.

ஜனவரியில் பக்கத்து வீட்டு ஓலிவ் டஃபின் வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏன் பெர்னார்ட், சத்தமில்லாம அப்பனாயிட்டியா?"

"என்ன ஒளர்ற?"

"தெனம் உன் வீட்ல ஒரு கைக்கொழந்த கத்துதே! பசியாத்த ஆளில்லையா? கேக்கவே முடியல."

நான் கல்யாணம் ஆகாதவன். தனிக்கட்டை.

"எத்தன மணிக்கு?"

"நாலடிச்சு ஒரு பத்து நிமிஷத்துல ஆரம்பிக்கும். உனக்குக் கேக்கல?"

கேட்கவில்லை. அன்று சாயங்காலம் ரேடியோவை நிறுத்திவிட்டு, சமையலறைத் தரையில் காதை வைத்துப் படுத்துக் கிடந்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஓலிவ் அவசரமாக ஜன்னலைச் சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

பதினேழு வருஷம் கழித்து, 1991இல், ஊர் வரலாற்றுப் புத்தகத்துக்காகச் சர்ச்சின் பழைய பெட்டியைத் திறந்தோம். அந்தக்காலப் பாதிரியார் ஒருவரின் குறிப்பேடு இருந்தது. 1861, பிப்ரவரி. கெசாயா கோலப் என்ற பெண் கல்லறைத் தோட்டத்தில் விறைத்துச் செத்துக் கிடந்தாள். கற்களையெல்லாம் பனி மூடியிருந்தது. ஹார்பின் கல் எங்கே என்று குழிவெட்டுகிறவரைக் கேட்டிருக்கிறாள். அவர் வீட்டுக்குப் போகிற அவசரத்தில், குத்துமதிப்பாக ஓரிடத்தைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அங்கேதான், நகமெல்லாம் பிய்ந்து, கிடந்தாள்.

அடுத்த பக்கத்தில் நான்கே வரி. அந்தக் குழிவெட்டுகிறவர் வீட்டில் தினமும் மாலையில் பச்சைக்குழந்தை அழுகிறது என்று அக்கம்பக்கத்தார் வந்து முறையிட்டார்கள். அவர் தனியாக வாழ்ந்தவர். தன் காதில் எதுவும் விழவில்லை என்று பைபிள்மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். சாகும்வரை அதையே சொன்னார்.

எனக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. வடக்கு ஓரத்தை அனுமதி வாங்கி இரண்டு தடவை தோண்டிப் பார்த்தாயிற்று, பிள்ளை கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாமென்றால் அந்தக் குரல்கூட என் காதில் விழமாட்டேன் என்கிறது. ஓலிவ் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் வீட்டுக்குப் புதிதாக ஒரு இளம்பெண் குடிவந்திருக்கிறாள், நல்ல பெண். என்னைப் பற்றி எதுவும் தெரியாது. போன செவ்வாய்க்கிழமை கதவைத் தட்டினாள். கையில், அவளே பின்னிய சின்னஞ்சிறு கம்பளிக் குல்லா.

"பேரனுக்குங்க, தாத்தா. ரொம்பக் குளுருதோ என்னமோ, பாவம், அப்படி அழுவுறான்."

வாங்கிக்கொண்டேன். நன்றி என்றேன்.