ஏழாம் எண் துணி

என் மனைவி அணுசக்தியைக் கண்காணிக்கும் பன்னாட்டு முகமை ஒன்றில் விஞ்ஞானி. இதைச் சொன்னதுமே எதிரில் இருப்பவர்கள் அரை அடி பின்னால் நகர்ந்துகொள்வார்கள். "குண்டு செய்றீங்களா?" என்று மேல்வீட்டுக்காரர் ஒருமுறை அவளிடமே கேட்டார். "இல்லைங்க, துடைக்கிறேன்" என்றாள்.

உண்மையும் அதுதான். ஆலை ஆலையாகப் போய், உள்ளங்கை அளவு பருத்தித் துணியால் சுவரையும் குழாயையும் மேசைக் காலையும் துடைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு பைக்குள் போட்டு மூடி எடுத்து வருவாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் துணியில் ஒட்டியிருந்தால் போதும், அந்த ஆலையில் எதைக் கையாண்டார்கள் என்று ஆய்வகம் சொல்லிவிடும். ஒவ்வோர் இடத்துக்கும் புதுக் கையுறை. கூடப் போகிறவர் எதையும் தொடாமல் தாளில் குறிப்பு எழுதுவார்: இடம், நேரம், கையுறை மாற்றியதற்கு ஒரு டிக். பதினோரு வருடமாக இதுதான் வேலை. வீட்டில் குப்பைப் பையைக் கட்டிய கையோடு நான் கதவுப் பிடியைத் தொட்டால் அன்றைக்கு எனக்கு நல்ல பூசை.

அப்படிப்பட்டவளைத்தான் கையுறை மாற்ற மறந்தவள் என்று எழுதித் தரச் சொன்னார்கள்.

போன வசந்தத்தில் ஓர் ஆலையில் பன்னிரண்டு இடங்களில் துடைத்தாள். ஏழாவது இடம் காற்றுக் குழாயின் பின்பக்கம். அந்தத் துணியில் மட்டும் துகள்கள் இருந்தன. அந்த ஆலை தன்னிடம் இருப்பதாகச் சொன்னதைவிடப் பல மடங்கு செறிவூட்டிய யுரேனியம். ஆலையின் நாட்டுக்காரர்கள் குதித்தார்கள். துடைத்த பெண் முந்தைய வாரம் வேறோர் ஆலைக்குப் போயிருந்தார், அவர் கையிலிருந்துதான் ஒட்டியது என்றார்கள். முகமைக்குச் சண்டை வேண்டாம். பிரிவுத் தலைவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். வீட்டில் அவருக்கு அவள் வைத்திருக்கும் பெயர் வெண்ணெய்வெட்டி.

நடந்ததை மாலையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"மனுஷனுக்கு மறதி வராதாம்மா? ஏழாவது இடத்துல கையுறை மாத்தினேனான்னு உறுதியா சொல்ல முடியலைன்னு ஒரு வரி. துணியை ரத்து பண்ணிடுவோம். அடுத்த வருஷம் போய் மறுபடி துடைச்சுக்கலாம்" என்றாராம்.

"அடுத்த வருஷத்துக்குள்ள அந்தக் குழாய்க்கு நாலு பூச்சு பெயிண்ட் அடிச்சிருப்பாங்க சார். ஆறாவது துணி சுத்தம். எட்டாவது சுத்தம். ஒப்பிட்டுப் பார்க்கன்னு எதையுமே துடைக்காத வெறுந்துணி ஒண்ணு கூடவே வந்துச்சே, அதுவும் சுத்தம். என் கை ஏழாவது இடத்துல மட்டும் அழுக்காகி, எட்டாவதுக்குள்ள குளிச்சுட்டு வந்துச்சா?"

"கோபப்படாதீங்க."

"கோபப்படாம இதை எப்படிக் கேக்கறதுன்னு சொல்லிக்குடுங்க, அப்படியே கேக்கறேன்."

குறிப்பெழுதிய கூட்டாளியும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார். ஏழாம் வரிசையில் டிக் போட்டதே அவர் கை. தலைவர் கேட்டபோது, "வரிசையா போட்டுக்கிட்டே போனேன்... அந்த ஒண்ணு மட்டும் எனக்குச் சரியா ஞாபகம் இல்லை" என்றாராம், மேசையைப் பார்த்தபடி.

"மேசை சொல்லுமா அவருக்கு? நாலு நாட்டுக்கு ஒண்ணா போயிருக்கோம். காய்ச்சல்ல கிடந்தப்ப அவர் பையையும் நான்தான் தூக்கிட்டு அலைஞ்சேன்!" என்று என்னிடம் பொரிந்தாள்.

அவள் ஒப்பந்தம் முடிய இருபத்திரண்டு நாள் இருந்தது, புதுப்பிப்பது தலைவர் கையில். ஒப்பந்தம் போனால் ஒரு மாதத்தில் இந்த அயல்நாட்டில் எங்கள் மூவரின் குடியிருப்பு அனுமதியும் போகும். வீட்டிலிருந்து நான் மொழிபெயர்த்துச் சம்பாதிப்பது வாடகையில் கால்வாசிக்குக்கூடக் காணாது. மகளுக்கு இறுதிப் பரீட்சை வருடம். இத்தனையும் ஒரே நொடியில் என் தலைக்குள் ஓடியது.

"ஒரு வரிதானே..." என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கும் வெண்ணெய்வெட்டிக்கும் ஒரே வாத்தியாரா?"

சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து பதிலை அலுவலக மொழியில் எழுதினாள். பிழை பார்த்துத் தரும்படி என்னிடம் நீட்டினாள். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் என் கை சும்மா இருக்கவில்லை. தொடக்கத்தில் ஒரு நன்றி சேர்த்தேன், முடிவில் ஒரு வருத்தம். 'டிக் போட்டவரே இன்று மறுக்கிறார்' என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.

படித்தாள். "வருந்துகிறேன்னு நான் எங்க எழுதினேன்?"

"ஒரு மரியாதைக்கு..."

"நான் என்ன அழுக்குச் சட்டையா குடுத்தேன், துவைச்சு இஸ்திரி போட்டு மடிச்சுத் தர?"

"பொண்ணோட படிப்பை யோசிச்சியா நீ?"

"அவளை ஏன் முன்னால நிறுத்தறீங்க? பயம் உங்களுக்கு. உங்க பேர்ல சொல்லுங்க."

எனக்குச் சுர்ரென்றது. அவள் சொன்னது சரி என்பதால் கோபம் இன்னும் அதிகமாகவே வந்தது. அடுத்த அறைக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினேன். அங்கே படித்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமலே கேட்டாள்: "கதவு என்னப்பா பண்ணுச்சு?"

பிறகு வெளியே வந்து நன்றியையும் வருத்தத்தையும் அடித்துவிட்டு, எடுத்த வாக்கியத்தை இருந்த இடத்திலேயே எழுதினேன். அவள் தாளை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அதைத் தலைவரிடம் கொடுக்காமல் நேரே பதிவுப் பிரிவுக்குப் போய் முத்திரை போட்டு எண் வாங்கிவிட்டாள். எண் விழுந்த காகிதத்தை யாரும் மேசை இழுப்பறைக்குள் தள்ள முடியாது. துடைத்தவளின் ஒப்புதல் இல்லாமல் துணியை ரத்து செய்யவும் முடியாது. நான்காம் நாள் அவளுக்குக் கடிதம் வந்தது. நிதி நெருக்கடியால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இயலவில்லை, பதினோரு ஆண்டுச் சேவைக்கு மனமார்ந்த பாராட்டுகள். "பாருங்க, உங்க ஆளு நன்றி சொல்லியிருக்காரு" என்று கடிதத்தை என் மடியில் போட்டாள். நான் அதை மூன்று தடவை படித்தேன், எங்காவது ஒரு சந்து இருக்காதா என்று. இல்லை.

சனிக்கிழமை காலை கூட்டாளி வந்தார். உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க. நீங்க மாத்தினீங்க. நான் பார்த்தேன். பழசைக் கழட்டறப்ப விரல்ல கிழிஞ்சுதுன்னு திட்டினீங்க, அதுகூட ஞாபகம் இருக்கு. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு, வீட்டுக் கடன்..."

"இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? நான் பார்க்கலையா என் கையை?"

"மனசு கேக்கலை."

"உங்க மனசைக் கழுவ என் வீடா கிடைச்சுது? சொல்ல வேண்டிய இடத்துல வாய் எங்க போச்சு?"

அவர் எழுந்து வாசல் வரை போனார். "பாவம்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"பாவம்னா நீங்களும் அவரோடயே இறங்கிப் போங்க."

அவர் கதவருகே நின்றார். லிஃப்ட் வந்து, திறந்து, காலியாகவே கீழே போனது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்து, அவளை அல்ல, என்னைப் பார்த்து ஒரு தாள் கேட்டார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஏழாவது இடத்தில் அவள் கையுறை மாற்றியதைத் தான் பார்த்ததாக ஐந்து வரி எழுதினார். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினார். கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் நின்றபடியே படித்தாள். முகத்தில் ஒரு சுளிவுகூடத் தளரவில்லை. தாளை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"தேதி போடுங்க."